திறந்த மூல மென்பொருளில் காசு பார்க்கப் போய்ச் சறுக்கும் இடங்கள்

யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூல நிரலுக்கு விலை போடுவதுதான் முதல் சறுக்கல். கொழும்புப் புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடை முதலாளியிடம், கணக்கும் ஸ்டொக்கும் பார்க்கும் திறந்த மூல மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். "அது சும்மா கிடைக்கிறதுதானே தம்பி" என்பார். சரியாகத்தான் சொல்கிறார். அந்த மென்பொருளுக்குரிய ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் விற்பதைத் தடுப்பதில்லை. ஆனால் வாங்கியவர் அதை அடுத்த கடைக்கு இலவசமாகவே கொடுக்கலாம். ஆகவே காசு கேட்க வேண்டியது வேலைக்கு.

அந்த வேலையில் நேரத்தை விழுங்குவது நிறுவல் அல்ல, பொருள் பட்டியல். எக்செல்லில் அரை அங்குல பிவிசி எல்போ 'எல்போ 1/2', '½ எல்போ', 'பிவிசி எல்போ அரை' என்று மூன்று பெயரில், மூன்று இருப்போடு கிடக்கும். அப்படியே ஏற்றினால் முதல் மாதமே ஸ்டொக் பிழைக்கும், பழி உங்கள் தலையில் விழும். கொட்டேஷனில் நிறுவல், பட்டியலைத் துப்புரவாக்கல், பயிற்சி, பராமரிப்பு என நான்கையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். பராமரிப்புக்கு மணித்தியால வரம்பும் வேண்டும்: மாதம் 5 மணித்தியாலம், மேலதிகத்துக்கு இவ்வளவு என்று. வரம்பில்லாவிட்டால் பிரின்டர் பழுதுக்கும் உங்களுக்குத்தான் கோல் வரும்.

பராமரிப்புக்குக் காசு வாங்கிவிட்டு பேக்கப்பில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. ஈஆர்பிநெக்ஸ்ட்டின் 'பெஞ்ச் பேக்கப்' கட்டளை தரவுத்தளத்தை எடுக்கும், இணைத்த கோப்புகளைத் தானாக எடுக்காது. இணைத்த பில் படங்களும் வேண்டுமென்றால் 'வித் ஃபைல்ஸ்' சேர்க்க வேண்டும். சைட் கன்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பிலுள்ள, கடவுச்சொற்களைப் பூட்டும் மறைகுறிச் சாவி தொலைந்தால், மீட்டெடுத்த பிறகும் சேமித்த மின்னஞ்சல் கடவுச்சொற்கள் திறக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பாருங்கள், அதற்கும் பில் போடுங்கள்.

சொந்தமாக எழுதி வெளியிடுவோர் நன்கொடையை நம்பி இருக்கிறார்கள். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத் தொடர்பை மறைகுறியாக்க உலகமே பயன்படுத்திய ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வருடம் வந்துகொண்டிருந்த நன்கொடை சுமார் 2,000 டொலர்தான்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், க்யூட் நிரலாக்கக் கருவி போல இரட்டை உரிமத்தில் விற்கலாம்: சேர்த்து வெளியிடும் தன் நிரலையும் திறந்து கொடுக்க வேண்டும் என்ற ஜிபிஎல் நிபந்தனை வேண்டாத நிறுவனம் காசு கொடுத்து வேறு உரிமம் வாங்கும். ஆனால் பிறர் அனுப்பிய திருத்தத்தின் பதிப்புரிமை அவர்களுடையது. முதல் திருத்தத்தை ஏற்கும் முன்பே அதை வேறு உரிமத்திலும் விற்க உங்களுக்கு அனுமதி தரும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் வையுங்கள். பிறகு ஒவ்வொருவராகத் தேடிச் சம்மதம் கேட்பது ஆகிற காரியமில்லை. சட்டப்படி உரிமத்தை மாற்ற முடிந்தாலும் அடி விழும். 2023 ஒகஸ்டில் ஹாஷிகோர்ப் நிறுவனம் தன் டெராஃபோர்ம் மென்பொருளின் உரிமத்தை இறுக்கியதும், பழைய நிரலை எடுத்துப் பிறர் ஓப்பன்டோஃபு என்று தனியாகக் கிளம்பிவிட்டார்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால், காசு எந்த வழியாக வரும் என்று வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். வங்கிப் பரிமாற்றமா, பேயோனியர் என்ற இணையவழிப் பணச் சேவையா, கட்டணம் யார் தலையில் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். அந்த வருமானத்துக்கு வரியில்லை என்ற பழைய நினைப்பும் வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் வங்கி வழியாக இலங்கைக்குள் வரும் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு 15% வரை வரி உண்டு. வங்கிப் பற்றுச்சீட்டுகளை மாதவாரியாகக் கோப்பில் போடுங்கள்.