தலையை நனைப்பதற்கு முன் பத்து நிமிடம்

ஒருமுறை என் தலை வேரருகே ஆரஞ்சாகவும் அதற்குக் கீழே அட்டைக் கருப்பாகவும் பத்து நாள் இருந்தது. அந்த வேலையைச் செய்தது சாதாரணக் கடை அல்ல. கண்ணாடியும் பளிங்குமாக இழைத்த, முன்பதிவு இல்லாமல் உள்ளே விடாத சலூன். ஆனால் அந்தக் கூத்தில் பாதிப் பங்கு என்னுடையது. "கடைசியாக எப்போது சாயம் போட்டீர்கள்?" என்று ஸ்டைலிஸ்ட் கேட்டபோது, "போட்டதே இல்லை" என்றேன். பாக்கெட்டில் வாங்கி, குளியலறையில் கிண்ணத்தில் குழைத்து நானே பூசிக்கொண்ட கருப்புச் சாயத்தை அந்தப் பளிங்குக்கு நடுவே சொல்லக் கூச்சம். முடி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஏற்கெனவே சாயம் ஏறிய முடியை, அதன்மேல் இன்னொரு சாயம் பூசி வெளிற வைக்க முடியாது. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் நிறம் மாறும், போதாததற்கு உச்சந்தலைச் சூட்டில் அங்கே சாயம் இன்னும் வேகமாக வேலை செய்யும். கருமுடியின் கருமை விலக விலக அடியிலிருந்து முதலில் சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள் என்று தலைகாட்டும். நான் நடுவழியில் நின்றுபோனேன்.

ஆகவே முதல் வேலை, உங்கள் முடியின் வரலாற்றை ஒளிக்காமல் சொல்வது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள முடியின் நுனிக்கு இரண்டரை வயது. அந்த இரண்டரை ஆண்டில் போட்ட சாயம், நேராக்கிய சிகிச்சை, மருதாணி எல்லாமே அதில் இருக்கின்றன. மருதாணியைக் கட்டாயம் சொல்லுங்கள். சில பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அது, சாயத்தோடு கலக்கும் பெராக்சைடு என்ற வெளுக்கும் திரவத்துடன் சேர்ந்தால் முடி சூடேறி முறிந்து போகலாம். சந்தேகம் இருந்தால் பிடரியில் மறைவாக ஒரு கற்றையில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்காகவே நான் இப்போது இரண்டு முறை போகிறேன். முதல் முறை கலந்து பேசுவதற்கு மட்டும். அன்றே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு சாயம் தடவிவிடுவார்கள். 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்றால்தான் அடுத்த கட்டம். அடர்நிறச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். "பத்து வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது பதிலே ஆகாது. ஒவ்வாமை பதினோராம் வருடத்திலும் வரலாம். இந்தச் சோதனையை வேண்டாத வேலை என்று சிரிக்கும் இடத்தில், நாற்காலி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் நான் உட்காரமாட்டேன்.

போகும்போது எண்ணெய் இல்லாமல், உலர்ந்த முடியோடு, வழக்கமாக எப்படி விடுவீர்களோ அப்படியே போங்கள். சுருளை நேராக்கிக்கொண்டு போனால் ஸ்டைலிஸ்ட் பார்ப்பது வேறு யாரோ ஒருவருடைய தலையை. முடி எங்கே படிகிறது, நெற்றியில் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் உலர்ந்திருக்கும்போதுதான் தெரியும். நெற்றிச் சுழி உள்ளவர்கள் முன்முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டால் அது தினமும் காலையில் எழுந்து நிற்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

மூன்று படங்கள் எடுத்துப் போங்கள்: இரண்டு பிடித்தவை, ஒன்று கட்டாயம் வேண்டாதது. மூன்றாவது படம்தான் அதிகம் உதவும். நிறத்தை வாயால் சொல்ல முயலாதீர்கள். என் மனதில் இருக்கும் தேன் நிறமும் அவர் மனதில் இருக்கும் தேன் நிறமும் ஒரே அடையிலிருந்து வந்தவை அல்ல. சாய மாதிரிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் 1 கருப்பு, 10 மிக வெளிர். உங்கள் முடி 2 என்றால் ஒரே அமர்வில் 8க்குத் தாவக் கேட்காதீர்கள். "இரண்டு மூன்று தடவையாகப் போகலாம்" என்று சொல்பவர் கைதேர்ந்தவர். "இன்றே முடித்துவிடலாம்" என்பவரிடம் எனக்குப் பயம்.

வெட்டுக்கு வருவோம். சலூனில் ஆபத்தான சொல் "கொஞ்சம்". இரண்டு விரற்கடை என்று சொல்லி, விரலை முடியில் வைத்தே காட்டுங்கள். முடி எங்கே முடிய வேண்டும், தாடையிலா, தோளிலா என்று தொட்டுக் காட்டுங்கள். ஈர முடி நீண்டு தெரியும். காய்ந்ததும் மேலே ஏறும், சுருள் முடியென்றால் இன்னும் ஏறும். அந்த ஏற்றத்துக்கும் இடம் விட்டுச் சொல்லுங்கள்.

எனக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே இருப்பது வெறும் புகைமூட்டம். அதனால் எல்லா முடிவையும் கண்ணாடி மூக்கில் இருக்கும்போதே எடுத்துவிடுகிறேன். அதன் காம்பு காதோர முடியைத் தள்ளும் என்பதால், ஓரத்தை வெட்டி முடித்ததும் ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்கிறேன். சாயம் ஊறும் நேரத்தில் படிக்க வேண்டுமானால் இரண்டு காம்பிலும் ஃபாயில் சுற்றித் தருவார்கள். ஒரு பெண் அதைச் சாக்லேட் உறை மடிப்பதுபோல் நுனியை முறுக்கி முறுக்கி மடித்துத் தந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெட்டும்போது கால்மேல் கால் போடாதீர்கள். தோள் சாயும், வெட்டும் சாயும். கைபேசியைக் குனிந்து பார்த்தால் பிடரிக்கோடு கெடும். சாயம் லேசாகக் குறுகுறுத்தால் பரவாயில்லை. எரிந்தால் உடனே சொல்லிக் கழுவச் செய்யுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது பல் மருத்துவமனை அல்ல.

நாற்காலியில் உட்காருமுன் இன்னும் ஒரு கேள்வி: "ஆறு வாரம் கழித்து இது எப்படி இருக்கும்?" தலை முழுக்க ஒரே நிறம் போட்டால் வேரில் கோடு விழத் தொடங்கும், மாதாமாதம் வர வேண்டியிருக்கும். பலாயாஜ் போலக் கையால் தீற்றிவிடும் முறையில் வேரைத் தொடுவதில்லை, அதனால் மூன்று நான்கு மாதம் தள்ளலாம். அடிக்கடி போகச் சோம்பல்படும் நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். மொத்தத் தொகையையும் அப்போதே கேளுங்கள். டோனர் எனப்படும் நிறத்தைச் சமன்செய்யும் பூச்சு, கடைசியில் முடியை உலர்த்தி அமைப்பது எல்லாம் அதில் சேர்த்தியா என்று.

முடிந்ததும் சலூன் விளக்கை நம்பாதீர்கள். கைக்கண்ணாடியோடு ஜன்னலோரம் போய், பின்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிடிக்காத இடத்தை அங்கேயே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தினாலும் ஒரு வாரத்துக்குள் அழைத்துச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் சரிசெய்து தருவார்கள். இரண்டு மூன்று நாள் ஷாம்பூ வேண்டாம். அதன்பின் சல்பேட் இல்லாத ஷாம்பூ, வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீர். முதல் வாரம் தலையணைக்குப் பழைய உறை.

கிளம்புமுன், போட்ட கலவையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சாயத்தின் எண், பெராக்சைடு 6 சதவீதமா 9 சதவீதமா, எத்தனை நிமிடம் என்று. என் ஆரஞ்சுத் தலையைச் சரிசெய்தது வேறொரு சலூன்; ஐந்து மணி நேரம் ஆனது. முதல் சலூனில் என்ன போட்டார்கள் என்று அவர்கள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வீட்டுப் பாக்கெட்டின் பெயரை மட்டும் இந்த முறை சொல்லிவிட்டேன்.