பழைய மூங்கில் ஃப்ளை ராடின் வயதும் வைத்தியமும்

என் கைக்கு வந்த பழைய ஃப்ளை ராடில் (செயற்கைப் பூச்சியைக் கட்டி மீன்பிடிக்கும் தூண்டில் கோல்) தயாரித்தவர் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ஆறு பட்டைகள் ஒட்டிய அறுகோணக் கோல். நெடுகவும் நெருக்கமான பட்டுநூல் கட்டுகள். பசையை முழுதாக நம்பாத காலத்துப் பழக்கம் அது. ஆனால் மூங்கில், அதற்கும் முந்திய கல்கத்தா வகை இல்லை, சீனாவின் குவாங்டாங்கில் விளையும் டோங்கின். ஆக, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று கணித்தேன். நூலை மட்டும் நம்பக் கூடாது, யாராவது பிறகு மாற்றிக் கட்டியிருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். கோலின் துண்டுகளைச் சேர்க்கும், ஆடிக்கொண்டிருந்த உலோக இணைப்பின் சிறு ஆணியை எடுத்துவிட்டு, இளஞ்சூடு காட்டி, முறுக்காமல் நேராக இழுத்தேன். பழைய தோல்பசை சூட்டில் இளகிவிடும், அதனால் நிதானம் முக்கியம். அப்புறம் சுத்தம் செய்து எபாக்ஸி பசை வைத்து மாட்டினேன்.

பழைய வார்னிஷை பிளாஸ்டிக் விளிம்பால் மெல்லச் சுரண்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்: மூங்கிலின் வலுவே மேல்தோலை ஒட்டிய நார்களில்தான் இருக்கிறது. பட்டுநூல் வார்னிஷ் பட்டால் நிறம் மாறிக் கண்ணாடிபோல் ஆகிவிடும். அதனால் முதலில் வேறொரு குச்சியில் கட்டிப் பார்த்துத்தான் புதுக் கட்டுகளுக்கான நூலின் நிறத்தைத் தேர்ந்தேன்.