வேர்ட்பிரஸில் படம் ஏறவில்லையா? 777 போடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

பதிவெல்லாம் எழுதி முடித்து, ஒரு படத்தைச் சேர்த்து வெளியிடலாம் என்று போகும்போதுதான் வேர்ட்பிரஸ் முரண்டு பிடிக்கும்: படங்கள் போய்ச் சேரும் அப்லோட்ஸுக்குள் ஃபோல்டர் உருவாக்க முடியவில்லை, மேல் ஃபோல்டரில் எழுத சர்வருக்கு அனுமதி இருக்கிறதா பார் என்று. தேடிப் பார்த்தால் எங்கேயும் ஒரே வைத்தியம்தான், "777 போடுங்க, சரியாயிடும்". போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், தொல்லையே அதுதான்.

777 என்பது ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ யார் என்ன செய்யலாம் என்று சொல்லும் அனுமதி எண். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. மூன்று 7 என்றால் ஓனர், குரூப், சம்பந்தமே இல்லாத மற்றவர்கள் எல்லோருக்கும் எல்லா உரிமையும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் பல பேருடைய தளங்கள் இருக்கும், அங்கே கணக்குகளைச் சரியாகப் பிரித்து வைக்கவில்லை என்றால் வேறு யாரோ ஒருவருடைய ஓட்டைப் பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல்) வழியாக உங்கள் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழி) ஃபைலை இறக்கிவிடலாம். இன்னொரு கூத்தும் உண்டு. ஒவ்வொருவருடைய நிரலையும் அவரவர் பெயரிலேயே ஓட்டும் சூஎக்ஸெக் போன்ற ஏற்பாடு உள்ள சர்வர்கள், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருக்கும் பிஎச்பி ஃபைலை ஓட்டவே மறுத்து 500 பிழையைக் காட்டும். படம் ஏறவில்லை என்று ஆரம்பித்தவருக்குத் தளமே போய்விடும்.

எண்ணைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஃபோல்டரில் எழுதப் போவது யார்? நீங்கள் இல்லை, பிஎச்பி. அது எந்த யூசரின் பெயரில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. உபுண்டு, டெபியன் லினக்ஸில் வழக்கமாக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா (www-data) என்ற யூசர், ரெட்ஹேட் வகையறாவில் பெரும்பாலும் அப்பாச்சி (apache), சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் அநேகமாக உங்கள் கணக்கே. இப்போது நீங்கள் எஃப்டிபி (சர்வருக்கு ஃபைல் ஏற்றும் முறை) வழியாக ஏற்றிய ஃபோல்டர் உங்கள் பெயரில் 755 என்று இருக்கிறது, பிஎச்பி வேறு பெயரில் ஓடுகிறது என்றால் அது எப்படி எழுதும்? 755 சரியான எண்தான், ஓனர்தான் தப்பு. ஃபைல்ஸில்லா என்ற எஃப்டிபி மென்பொருளில் ஓனர் யார் என்று காட்ட ஒரு நெடுவரிசையே இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே சைட் ஹெல்த் பக்கம் உண்டு, எந்த ஃபோல்டரில் எழுத முடிகிறது, எதில் முடியவில்லை என்று அதன் இன்ஃபோ தாவலில் பட்டியலே போட்டிருக்கும்.

பிளகின் போடும்போது திடீரென எஃப்டிபி கடவுச்சொல் கேட்பதும் இதே வியாதிதான். வேர்ட்பிரஸ் ஒரு தற்காலிக ஃபைலை எழுதிப் பார்க்கும், அதன் ஓனரும் தன் சொந்த ஃபைலின் ஓனரும் ஒன்றில்லை என்றால் கடவுச்சொல் கேட்கும். உடனே தளத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் (wp-config.php) டைரக்ட் என்று ஒரு வரி சேர்த்து அந்தக் கேள்வியை அமுக்கிவிடுகிறார்கள். அந்த வரி அனுமதி எதையும் தராது, சோதனையைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான்.

அப்புறம் ரூட், அதாவது சர்வரில் எல்லா உரிமையும் உள்ள யூசர். சொந்த விபிஎஸ் (தனி சர்வர் போல வாடகைக்குக் கிடைப்பது) வைத்திருப்பவர்கள் ரூட்டாக நுழைந்து, வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ ஓட்டுவார்கள், அது எச்சரித்து நிற்கும், யாரோ சொன்னார்கள் என்று ரூட்டை அனுமதிக்கும் ஆப்ஷனையும் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் இறங்கும் ஃபைல் எல்லாம் ரூட்டின் சொத்து, டாஷ்போர்டிலிருந்து அப்டேட் செய்தால் தோல்வி. மாதக் கணக்கில் நன்றாக ஓடிய தளம் ஒன்றாம் தேதி படம் ஏற்ற மறுக்கிறது என்றாலும் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். வேர்ட்பிரஸ் மாதத்துக்கு ஒரு புது ஃபோல்டர் போடும், வருட ஃபோல்டர் ரூட் பெயரில் மாட்டிக்கொண்டிருந்தால் பழைய மாதம் வரை சரியாக இருக்கும், புது மாதம் பிறக்காது.

ஓனரைச் சரிசெய்தபின் எண்களுக்கு வாருங்கள்: ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. இரண்டையும் ஒரே அடியில், எல்லாவற்றுக்கும் 644 என்று உள்வரை போட்டால் ஃபோல்டருக்குள் நுழையும் உரிமையே போய்த் தளம் 403 காட்டும், ஏனென்றால் ஃபோல்டருக்கு அந்த 1 என்பது இயக்க இல்லை, உள்ளே போக. ஃபைல்ஸில்லாவில் ஃபோல்டருக்கு மட்டும், ஃபைலுக்கு மட்டும் என்று தனித்தனியாகப் போட வழி இருக்கிறது, இரண்டு சுற்றாகப் போடுங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் ஃபைலுக்கு மட்டும் 640, பிஎச்பி உங்கள் பெயரிலேயே ஓடினால் 600.

இத்தனையும் சரி, இன்னும் ஏறவில்லையா? மேலே உள்ள ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், பாதையில் ஒன்று பூட்டியிருந்தாலும் போதும். உபுண்டு 21.04 முதல் புதிய யூசரின் ஹோம் ஃபோல்டர் 750 ஆகத்தான் உருவாகிறது, அதற்குள் தளத்தை வைத்தால் வெப் சர்வருக்கு வாசலிலேயே தடை. ராக்கி, அல்மா, ஃபெடோரா போன்ற ரெட்ஹேட் வகை லினக்ஸ் என்றால் எஸ்ஈலினக்ஸ், அதாவது ஒவ்வொரு ஃபைலிலும் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் கூடுதல் காவல். ஹோமிலிருந்து ஃபைல்களை நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும், காப்பி செய்தால் போகிற இடத்து லேபிள் விழும். பலர் கடுப்பில் எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள், லேபிளைத் திருத்த இரண்டு கட்டளை போதும்.

அனுமதிப் பிழை மாதிரியே வேஷம் போடும் சில பிழைகளும் உண்டு. டிஸ்க் நிரம்பினாலும், ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஃபைல் எண்ணிக்கை வரம்பு முடிந்தாலும் எழுத முடியவில்லை என்றுதான் வரும். தளத்தை வேறு சர்வருக்கு மாற்றியிருந்தால் டேட்டாபேஸில் அப்லோட் பாதை பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருக்கலாம். பப்ளிஷ் அமுக்கும்போது ஜேசன் பதில் சரியில்லை என்று வந்தால் ஃபோல்டரை விட்டுவிட்டு பெர்மாலிங்க் (பதிவுகளின் நிரந்தர முகவரி) அமைப்பையும் சர்வரின் ஃபயர்வாலையும் பாருங்கள். "இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதியில்லை" என்று வருவதற்கும் ஃபைலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது யூசர் ரோல் விவகாரம், பெரும்பாலும் டேட்டாபேஸில் டேபிள் பெயர்களின் முன்னொட்டை மாற்றியவர்கள் யூசர்மெட்டா, ஆப்ஷன்ஸ் என்ற டேபிள்களில் பழைய முன்னொட்டோடு இருக்கும் வரிகளை மாற்ற மறந்திருப்பார்கள்.