கல் வச்ச மாம்பழமும் கரிம உலோகச் சேர்மமும்: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

மே மாதம் பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டில் மாம்பழக் குவியலைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “கல் வச்ச பழமா?” அந்தக் கல் கால்சியம் கார்பைடு. பழுக்க வைக்க அதைப் பயன்படுத்தச் சட்டப்படி தடை, இருந்தும் புழங்குகிறது. அல்சூரில் என் வீட்டு மாடிக்கு வேதியியல் நெட், கேட் தேர்வுகளுக்குப் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் முதல் நாள் கேட்பதும் இந்தக் கல்லைப் பற்றித்தான். இது கரிம உலோகச் சேர்மமா? பலர் யோசிக்காமல் தலையாட்டுகிறார்கள். உலோகம் இருக்கு, கார்பன் இருக்கு, அப்புறம் என்ன சார்?

இரண்டும் இருந்தால் மட்டும் போதாது. உலோக அணுவுக்கும் கார்பனுக்கும் நேரடிப் பிணைப்பு இருக்க வேண்டும். கார்பைடில் கால்சியம் தன் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு வெறும் அயனியாக நிற்கிறது, அதனால் கனிமச் சேர்மம் என்றே கணக்கு. சோடியம் அசிட்டேட்டில் சோடியத்துக்கு அருகில் இருப்பது ஆக்சிஜன். ஹீமோகுளோபினில் இரும்பைப் பிடித்திருப்பவை நைட்ரஜன்கள், ஆனால் கார்பன் மோனாக்சைடை ஒருவர் சுவாசித்துவிட்டால் அதே இரும்பில் கார்பன் வந்து ஒட்டிக்கொள்கிறது. கை கால் மரத்துப்போகிறது என்று போனால் டாக்டர் எழுதித் தரும் மெத்தில்கோபாலமின் மாத்திரையில் கோபால்ட்டும் கார்பனும் நேராகவே பிணைந்திருக்கின்றன. மருந்துக் கடையில் இவ்வளவு சாதாரணமாகக் கிடைக்கும் கரிம உலோகச் சேர்மம் வேறு எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது 18 எலக்ட்ரான் கணக்கு: இடைநிலை உலோகத்தைச் சுற்றி வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மொத்தம் 18 இருந்தால் சேர்மம் பொதுவாக நிலையாக இருக்கும். விதி கஷ்டமே இல்லை, பிள்ளைகள் இரண்டு வழிகளைக் கலந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஃபெரோசீனை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஐங்கோணக் கார்பன் வளையங்களுக்கு நடுவே ஒரு இரும்பு அணு. எல்லாவற்றையும் மின்னூட்டம் உள்ள அயனிகளாக எண்ணும் அயனி வழியில் இரும்பு +2, அதற்கு 6 எலக்ட்ரான், இரண்டு வளையங்களுக்கும் ஆறு ஆறு, மொத்தம் 18. மின்னூட்டம் இல்லாமல் எண்ணும் நடுநிலை வழியில் இரும்புக்கு 8, வளையங்களுக்கு ஐந்து ஐந்து, அதுவும் 18. இரும்பை ஒரு வழியிலும் வளையத்தை இன்னொரு வழியிலும் எண்ணினால் 16 அல்லது 20 வரும், அந்த இரண்டு எண்களும் விடைத் தெரிவுகளில் உங்களுக்காகவே காத்திருக்கும்! நிக்கல் டெட்ராகார்பனைலில் வேறு கதை. நிக்கலின் 3டி ஆர்பிட்டாலில் உள்ள 8 எலக்ட்ரானை மட்டும் எண்ணி 4எஸ் ஆர்பிட்டாலில் உள்ள இரண்டை மறந்துவிடுகிறார்கள். நடுநிலை உலோகத்துக்குத் தொகுதி எண்ணைப் பாருங்கள், நிக்கல் 10-ஆவது தொகுதி, நான்கு கார்பன் மோனாக்சைடுக்கு 8, முடிந்தது. சதுரத் தளத்தில் இருக்கும் பல்லேடியம், பிளாட்டினம் சேர்மங்கள் 16-லேயே திருப்தியாக இருக்கும், அவற்றை 18-க்கு இழுக்காதீர்கள்.

தனிம வரிசை அட்டவணையில் கீழே இறங்கினால் கார்பனோடு உள்ள பிணைப்பு வலுவிழக்கும் என்று மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. முதன்மைத் தொகுதிகளுக்குச் சரி. சிலிக்கன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 310 கிலோஜூல் வேண்டும், ஈயம்–கார்பன் சுமார் 150தான். அந்தப் பலவீனத்துக்காகவே டெட்ராஎத்தில் ஈயத்தைப் பெட்ரோலில் கலந்தார்கள், எஞ்சின் சூட்டில் உடைந்து ‘நாக்கிங்’ (எரிபொருள் தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டுவது) வராமல் தடுக்கும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் அது நின்றது, நம் சில்க் போர்டு நெரிசலில் நிற்பவர்களுக்கு அந்த மட்டில் புண்ணியம். இடைநிலைத் தனிமங்களில் போக்கு நேர் தலைகீழ், கீழே போகப் போகப் பொதுவாகப் பிணைப்பு வலுக்கும். ஒரு விதியை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக்கக் கூடாது.

லேபில் நடக்கும் தவறுக்கு நானே சாட்சி. மக்னீசியத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், 1.3, கார்பனுக்கு 2.5. கார்பனும் மக்னீசியமும் பிணைந்த கிரிக்னார்டு வினைபொருளில் கார்பன் எதிர்மின் தன்மையோடு, புரோட்டான் எங்கே கிடைக்கும் என்று அலைகிறது. தண்ணீரோ ஆல்கஹாலோ இருந்தால் அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீணாகிவிடும். ஜூலை மழையில், சரியாக உலராத குடுவையில் அதைத் தயாரிக்க மூன்று முறை முயன்று மூன்று முறையும் ஒன்றும் நடக்காமல் மக்னீசியத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். குடுவையை அடுப்பில் காயவைத்து, ஈதரையும் உலர்த்தி, ஒரு சிட்டிகை அயோடின் போட்ட பிறகுதான் கொதித்தது. தொடக்கச் சேர்மத்திலேயே ஆல்கஹால் தொகுதி இருந்தால் எவ்வளவு உலர்த்தினாலும் பயனில்லை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கார்பன் டை ஆக்சைடும் வேண்டாம், உலர்ந்த மணல் பக்கத்தில் இருக்கட்டும்.

இதைக் கேட்டுவிட்டு, தண்ணீரோடு வினைபுரியாதது பத்திரமானது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். பாதரசத்தின் கவர்தன்மை 2.0, கார்பனுக்குக் கொஞ்சம் அருகில், அதனால் டைமெத்தில் பாதரசத்தைத் தண்ணீர் தொடுவதே இல்லை. அப்படியே உடம்புக்குள் போய்விடும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் அதில் சில துளிகளைக் கையுறையின் மேல் சிந்தினார், 1997 ஜூனில் இறந்தார். அவர் போட்டிருந்தது லேடெக்ஸ் கையுறை. அந்தத் திரவம் அதைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது பின்னால் சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.