படித்தவை, பார்த்தவை: குறிப்பேடு தொடங்குவது எப்படி?

படித்த புத்தகங்களையும் பார்த்த படங்களையும் குறித்து வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. அது பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் ஆரம்பத்தில் காட்டும் அதிக ஆர்வமே காரணம். முதல் நாளே பதினைந்து கட்டம் போட்டு, வகை, மொழி, பக்க எண்ணிக்கை, நடிகர் பட்டியல் என்று எல்லாவற்றையும் நிரப்பத் தொடங்கினால் சீக்கிரமே அது சுமையாகிவிடும். ஒரு பதிவுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாத முறை ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

படி 1: எங்கே எழுதுவது?

நோட்டுப் புத்தகம், ஸ்ப்ரெட்ஷீட் (கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பும் தாள்), செயலி என மூன்று வழிகள் உண்டு. நோட்டில் எழுதுவது சுகம், ஆனால் தேட முடியாது. கடைசிப் பத்துப் பக்கங்களை ஒதுக்கி, தலைப்பின் முதல் எழுத்துப்படி பக்க எண்ணைக் குறித்து வந்தால் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம். செயலிகளில் புத்தகங்களுக்கு 2007-இல் வந்த குட்ரீட்ஸும் படங்களுக்கு 2011-இல் வந்த லெட்டர்பாக்ஸ்டும் பரவலாகப் பயன்படுகின்றன. அட்டைப்படம், ஆண்டு, இயக்குநர் பெயர் எல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் புத்தகம் ஓரிடத்திலும் படம் வேறோரிடத்திலும் கிடக்கும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல், அதுவும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாள். ஒரு மாதத்தில் நீங்கள் படித்த நாவலும் பார்த்த ஆவணப்படமும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும்போது உங்கள் மனம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியும்.

படி 2: ஆறு கட்டங்கள்

முடித்த தேதி, புத்தகமா படமா, தலைப்பு, ஆசிரியர் அல்லது இயக்குநர், வெளியான ஆண்டு, குறிப்பு. இவை போதும்.

தேதியை 2025-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 09/03 என்று எழுதினால் மார்ச் 9-ஆ, செப்டம்பர் 3-ஆ என்ற குழப்பம் பின்னால் வரும். ஆண்டு முன்னால் இருந்தால் வரிசைப்படுத்தும்போது தானாகக் கால வரிசை கிடைக்கும். ஷீட் அதைத் தன் விருப்பப்படி மாற்றாமல் இருக்க, அந்தக் கட்டத்தை ‘பிளெயின் டெக்ஸ்ட்’ என்று முன்கூட்டியே அமைத்துவிடுங்கள்.

வெளியான ஆண்டு படத்துக்கு மிக முக்கியம். ஒரே தலைப்பில் இரண்டு மூன்று படங்கள் இருப்பது சாதாரணம். மொழிபெயர்ப்பு நூல் என்றால் ஆசிரியர் கட்டத்திலேயே மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் படித்த வாக்கியங்கள் அவருடையவை.

ஒவ்வொரு நூல் பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் தேவையா? பக்க எண்ணோடு மேற்கோள் குறிப்பவர்களுக்கு மட்டும் தேவை, ஏனென்றால் பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். 2007-க்கு முன்பு அது 10 இலக்கம், அதன்பின் 13 இலக்கம். இந்தக் கட்டத்தையும் டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் நிற்கும் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும்.

படி 3: பெயருக்கு ஒரே வடிவம்

தமிழில் எழுதும்போது இதில் கவனம் வேண்டும். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி வைத்து ஒருமுறை, புள்ளியில்லாமல் இன்னொருமுறை, இடைவெளி விட்டு வேறொருமுறை எழுதினால் ஒரே எழுத்தாளர் தேடலில் மூன்று பேராகிவிடுவார். வேற்றுமொழிப் பெயர்களுக்கு இன்னும் மோசம். ஒரே பெயரைப் பல விதமாகத் தமிழில் எழுதலாம். முதல்முறை எப்படி எழுதினீர்களோ அதையே எப்போதும் நகலெடுத்து ஒட்டுங்கள்.

படி 4: குறிப்பு

இந்த ஏட்டின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை எங்கிருந்தும் திரும்பப் பெறலாம், உங்கள் மனதில் அன்று பட்டதை மட்டும் பெற முடியாது.

முடித்த அன்றே, தவறினால் மறுநாளுக்குள் எழுதிவிடுங்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும் பிறகு வேகம் குறைகிறது என்றும் கண்டார். கதையும் முகங்களும் அசைகளைப் போல அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தோம், எங்கே சலித்தது என்பவை விரைவில் கரையும்.

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், அது எங்கும் கிடைக்கும். ‘நல்ல படம், ஒளிப்பதிவு அருமை’ என்ற குறிப்பு இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு எதையும் நினைவூட்டாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கிணற்றடியில் அம்மா ஒன்றும் பேசாமல் வாளியை இறக்குகிறாள். மகனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அங்கேதான் புரிந்தது. கடைசி அரைமணி இழுவை. ரயிலில் பார்த்தேன், பாதி வசனம் கேட்கவில்லை.’ ஒரு காட்சி, ஒரு குறை, பார்த்த சூழல் ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன. புத்தகம் என்றால் உங்களைப் பிடித்த ஒரு வாக்கியத்தைப் பக்க எண்ணோடு அப்படியே எழுதிக்கொள்ளலாம். யார் சொல்லிப் படித்தோம் என்பதையும் குறியுங்கள். யாருடைய பரிந்துரை உங்களுக்கு ஒத்துவருகிறது என்பது காலப்போக்கில் விளங்கும்.

நட்சத்திர மதிப்பெண்ணுக்கு நான் கட்டம் ஒதுக்கவில்லை. எண் போட்டுவிட்டால் வார்த்தை தேடும் உழைப்பு நின்றுவிடுகிறது.

படி 5: பாதியில் விட்டவை, மறுபடி படித்தவை

பாதியில் விட்டதையும் எழுதுங்கள். தேதிக்குப் பக்கத்தில் ‘நிறுத்தியது, பக்கம் 112’ என்று போட்டு, ஏன் என்று ஒரு வரி. உங்கள் ரசனையின் எல்லையை இந்த வரிகள்தான் தெளிவாகக் காட்டும். மறுபடி படித்தால் புது வரி தொடங்குங்கள், பழைய குறிப்பைத் திருத்தாதீர்கள். இருபது வயதில் வெறுத்ததை நாற்பதில் நேசிப்பதற்கு அத்தாட்சி வேண்டாமா?

இதுவரை படித்ததையெல்லாம் நினைவிலிருந்து ஏற்ற முயல வேண்டாம். இன்றிலிருந்து தொடங்குங்கள். பழையவை ஞாபகம் வரும்போது தனித் தாளில் தலைப்பை மட்டும் போட்டு வையுங்கள்.

படி 6: நகல்

மாதம் ஒருமுறை தாளை சிஎஸ்வி கோப்பாக (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய எழுத்துக் கோப்பு) இறக்கி வேறொரு இடத்தில் வையுங்கள். செயலியில் எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். குட்ரீட்ஸ், லெட்டர்பாக்ஸ்ட் இரண்டிலும் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பை எக்செலில் நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். பதற வேண்டாம், கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. சேமிக்காமல் மூடிவிட்டு, காலித் தாளில் ‘டேட்டா’ பகுதிக்குப் போய் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, எழுத்துக் குறியாக்கத்தை 65001 யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். தமிழ் சரியாக வந்துவிடும்.