ஒழுகுற பைப்பை வச்சு ஒரு கணக்கு கிளாஸ்

ஏழாம் வகுப்புக்கு நேர் விகிதம் எடுக்கும்போது போர்டுல ஃபார்முலா எழுதி ஆரம்பிச்சா பத்து பேர்தான் கூட வருவாங்க, மத்தவங்க பாத்து எழுதிக்குவாங்க, அவ்ளோதான். நான் இப்பல்லாம் ஃபார்முலாவ கடைசிக்கு தள்ளிட்டேன், முதல்ல பிரச்சனை.

ஸ்கூல்ல ஒழுகுற பைப் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். பசங்கள அங்க கூட்டிட்டு போய் ஒரே கேள்வி கேளுங்க: "இதுல மாசத்துக்கு எத்தன குடம் தண்ணி வீணாகுது?" நம்பர் எதுவும் குடுக்காதீங்க, முக்கியமானதே இதான். "சார், சம்ல நம்பரே இல்லையே"ன்னு ஒருத்தன் கேப்பான். "என்ன நம்பர் வேணும், நீயே சொல்லு"ன்னு திருப்பி விட்டுட்டு அஞ்சு நிமிஷம் வாய மூடிட்டு நிக்கணும். நமக்கு இருக்குறதுலயே கஷ்டமான வேலை இதுதான், ஏன்னா வாத்தியார் வாய் சும்மா இருக்காது.

அப்புறம் நாலு நாலு பேரா பிரிச்சு விடுங்க. என் கிளாஸ்ல ஒரு குரூப் சொட்ட எண்ண ஆரம்பிச்சு பாதியில எண்ணிக்கைய விட்டுட்டு சண்ட போட்டுச்சு, இன்னொரு குரூப் 10 நிமிஷம் டம்ளர வச்சு புடிச்சு இருமல் மருந்து மூடியால அளந்துச்சு, 10 மில்லி மூடில நாலரை மூடி, அதாவது 45 மில்லி. ஒரு மணி நேரத்துக்கு 270, ஒரு நாளைக்கு 6,480 மில்லி, 30 நாளைக்கு 194 லிட்டருக்கு கொஞ்சம் மேல. 15 லிட்டர் குடம்னா கிட்டத்தட்ட 13 குடம். நேர் விகிதம்ங்கற வார்த்தையவே நான் அதுவரைக்கும் சொல்லல.

விடை வந்ததும் முடிச்சுடாதீங்க, "இது எப்போ தப்பாகும்?"னு கேளுங்க. ஒரு பொண்ணு "சார், ராத்திரி டேங்க் காலியாயிட்டா சொட்டாதே"ன்னா, அடுத்தவன் "டேங்க்ல தண்ணி கொறஞ்சாலே மெதுவாதான சொட்டும்"னான். நேரம் கூடினா தண்ணியும் அதே விகிதத்துல கூடும்னு நாம சும்மா வச்சுக்கிட்டது எப்ப உடையும்னு அவங்களே புடிச்சுட்டாங்க, இதத்தான் எந்த கைடும் சொல்லித் தராது.

இந்த கேள்விய விட்டா என்னாகும்னு பாக்க, 1980கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல ஒரு தேசிய தேர்வுல வந்த கணக்கு இருக்கு: 1,128 ராணுவ வீரர்கள், ஒரு பஸ்ல 36 பேர், எத்தன பஸ் வேணும்? வகுத்தல சரியா போட்ட நெறைய பேர் "31, மீதி 12"ன்னு எழுதி வச்சாங்க. மீதி பஸ்னு ஒண்ணு ஓடுமா என்ன? உங்க பசங்களுக்கும் போட்டு பாருங்க.

மார்க்கு போடும்போது விடைக்கு பாதி, எதெத உண்மைன்னு வச்சுக்கிட்டு கணக்கு போட்டோம்னு எழுதினதுக்கு பாதி. வாரம் ஒரு தடவ போதும், தினமும் இப்படி எடுத்தா சிலபஸ் முடியாது.

அப்புறம் ஹெச்எம் கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. நான் பி செக்‌ஷனுக்கு எடுக்குறதுக்குள்ள பைப்புக்கு வாஷர் மாத்திட்டாங்க.