பலாலியிலிருந்து கான் தீவுக்கு: வான்தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிடும் முறை

யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் மாலைதீவின் தென்கோடியிலுள்ள கான் விமான நிலையத்துக்கும் நேரடிச் சேவை இல்லை. ஆனாலும் இடையிலுள்ள தூரத்தைச் சாதாரண விஞ்ஞானக் கணிப்பானாலேயே கண்டுபிடிக்கலாம். முறை தெரிந்தால் எந்த இரண்டு நிலையத்துக்கும் இதே வழிதான்.

படி 1: ஆள்கூறுகளை (அகலாங்கு, நெட்டாங்கு) தசமமாக்குங்கள்

பலாலி வடக்கு 9° 47′ 32″, கிழக்கு 80° 04′ 12″. கலையை (′) 60 ஆலும் விகலையை (″) 3600 ஆலும் வகுத்துக் கூட்டினால் 9.792, 80.070. அப்படியே 9.4732 என்று எழுதிவிடுவோர் பலர். அதிலேயே 35 கிலோமீற்றர் பிசகும்.

கான்: −0.693, 73.156. அது மத்திய கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் கழித்தல் குறி கட்டாயம். குறியை விட்டால் விடை 1,268 கிலோமீற்றர் என்று வரும், அதாவது 126 கிலோமீற்றர் குறைவு. பார்வைக்குச் சரிபோலத் தெரிவதால் பிழை பிடிபடாது.

படி 2: தூரம்

முதலில் சைன் 30 அழுத்திப் பாருங்கள். 0.5 வராவிட்டால் கணிப்பான் பாகையில் இல்லை, பெரும்பாலும் ஆரையன் என்ற வேறு கோண அலகில் நிற்கும்; பாகைக்கு மாற்றுங்கள்.

அகலாங்கு வித்தியாசம் 10.485. அதில் பாதி 5.2425, அதன் சைனின் வர்க்கம் 0.008349.

நெட்டாங்கு வித்தியாசம் 6.914. பாதி 3.457, சைனின் வர்க்கம் 0.003636. இதை இரண்டு அகலாங்குகளின் கோசைன்களாலும் (0.98543, 0.99993) பெருக்க 0.003583.

இரண்டையும் கூட்ட 0.011932. வர்க்கமூலம் 0.10923. நேர்மாறு சைன் 6.271 பாகை, இருமடங்கு 12.542 பாகை. புவியின் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர் என்பதால் ஒரு பாகைக்கு 111.195 கிலோமீற்றர். பெருக்கினால் 1,395 கிலோமீற்றர்.

வெறும் பைதகரஸ் தேற்றத்தால் செய்தாலும் இங்கே 2 கிலோமீற்றர்தான் கூடும், மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால். 60 பாகை வடக்கில் ஒரு நெட்டாங்குப் பாகை பாதியாகச் சுருங்கிவிடும். அங்கே அது உதவாது.

சரிபார்க்கச் சென்னையை எடுங்கள். ஏறக்குறைய பலாலியின் நெட்டாங்கிலேயே இருப்பதால் அகலாங்கு வித்தியாசம் 3.198ஐ 111.195 ஆல் பெருக்கினாலே 356 கிலோமீற்றர் வந்துவிடும். படி 2இன் முறையிலும் அதே விடை வரவேண்டும்.

படி 3: நேரம்

விமானம் நேர்கோட்டில் போவதில்லை. வான்பாதைக்காக 5 வீதம் கூட்டுங்கள்: 1,465. பலாலி–சென்னைச் சேவையில் பறந்த ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய பயணிகள் விமானம் மணிக்கு 510 கிலோமீற்றர் அளவில் போகும். வகுத்தால் 2.87. இது 2 மணி 87 நிமிடமல்ல, 0.87ஐ 60 ஆல் பெருக்க 52 நிமிடம். தரையோட்டம், ஏற்றம், இறக்கத்துக்கு 25 நிமிடம் சேர்த்தால் 3 மணி 17 நிமிடம்.

எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் வேகம் 470. பயணம் 15 நிமிடம் நீளும். அதே காற்று திரும்பும்போது 13 நிமிடத்தைத்தான் மீட்டுத் தரும், எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் பறப்பதால்.

மாலைதீவு நேரம் இலங்கை நேரத்திலும் அரை மணி பின்னால். காற்றில்லாத நாளில் 10.00க்குப் புறப்பட்டால், அங்கே மணிக்கூடு 12.47 காட்டும்.

படி 4: எட்டுமா?

முழுப் பயணிகளோடு ஏ.டி.ஆர். 72-600 போகக்கூடிய தூரம் 1,400 கிலோமீற்றர் அளவில்தான். எங்கள் 1,465 அதைத் தாண்டிவிட்டது. ஆசனங்களைக் குறைத்து எரிபொருள் கூட்டவேண்டும், அல்லது இடையில் மாலேயில் இறங்கவேண்டும். இறங்குவதானால் இரண்டு கட்டங்களையும் தனித்தனியே கணக்கிட்டு, 25 நிமிடத்தை இரண்டு தடவை சேருங்கள்.